சரளையில் மெதுவாகப் போகும்போதே வண்டி சாய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

சரளைப் பரப்பில் மணிக்கு 20 கி.மீ.க்கும் குறைவான வேகத்தில் பைக்கையோ ஸ்கூட்டரையோ சாய்த்துவிட்டு வருபவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலோர் "சறுக்கிவிட்டது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். முன்சக்கரம் மடங்கி விழுவது, பின்சக்கரம் லாக் ஆகி (சுழலாமல் நின்றுபோய்) விலகுவது, நின்ற பின் கால் வழுக்கிச் சாய்வது ஆகியவை தனித்தனிக் கோளாறுகள். ஒன்றுக்குச் செய்யும் திருத்தம் மற்றொன்றை மோசமாக்கவும் கூடும். ஆகவே டயரை மாற்றலாமா, சஸ்பென்ஷனைப் பிரிக்கலாமா என்று யோசிக்கும் முன், எந்தச் சக்கரம் முதலில் பிடிப்பை இழந்தது, அந்த நொடியில் ஹேண்டில்பார் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, கையும் காலும் எந்த லீவரின் மேல் இருந்தன என்பவற்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணம் முதலிலும், செலவு மிகுந்தது கடைசியிலும் வருகின்றன. அந்த வரிசையைத் தாண்டிக் குதித்து நேராகப் புது டயர் வாங்கியவர்கள், அதே திருப்பத்தில் அதே பக்கம் மீண்டும் விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

## தொடங்கும் முன்: தடத்தைப் பாருங்கள்

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, விழுந்த இடத்திற்கு நடந்து திரும்பிச் செல்லுங்கள். சரளையில் சக்கரத் தடம் தெளிவாகவே இருக்கும். அடுத்த வாகனம் அதன்மேல் ஏறிவிட்டால் அந்தச் சான்று போய்விடும்.

வளைந்து வந்த மெல்லிய தடம் திடீரென்று அகன்று, திருப்பத்தின் வெளிப்பக்கம் நோக்கிக் கற்களைத் தள்ளியிருந்தால் முன்சக்கரம் மடங்கியிருக்கிறது: அறிகுறி 1. தடம் நேராக வந்து, பின் பாம்புபோல் இடமும் வலமும் நெளிந்திருந்தால் அறிகுறி 2. ஒரே அகலத்தில் நீண்ட பள்ளமாகக் கல் உழப்பட்டு, முடிவில் ஒரு பக்கம் வளைந்திருந்தால் பின்சக்கரம் லாக் ஆகியிருக்கிறது: அறிகுறி 3. தடம் இயல்பாக வந்து நின்று, காலணி இழுபட்ட கோடு மட்டும் பக்கத்தில் இருந்தால் அறிகுறி 5. ஒரே இடத்தில் குழி பறிக்கப்பட்டிருந்தால் அறிகுறி 6.

தடம் கிடைக்காவிட்டால் வண்டியின் கீறலைப் பார்க்கலாம். இடப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கமே விழுந்திருந்தால் 1 அல்லது 4. இடப்பக்கம் திரும்பி வலப்பக்கம் விழுந்திருந்தால், விலகிய பின்சக்கரம் திடீரென்று மீண்டும் பிடித்துத் தூக்கிப் போட்டிருக்கலாம், அல்லது நிற்கப்போகும் கட்டத்தில் தாழ்ந்த பக்கம் கால் எட்டாமல் போயிருக்கலாம்; 3, 5 இரண்டையும் பாருங்கள். விழுவதற்கு முன்பே எஞ்சின் ஓசை அடங்கிவிட்டதாக நினைவிருந்தால் வேறெதையும் பார்க்காமல் 4-க்குச் செல்லுங்கள்.

## அறிகுறி 1: திரும்பும்போது முன்சக்கரம் மடங்கி, திரும்பிய பக்கமே வண்டி விழுகிறது

### முன்பிரேக்கில் விரல் இருந்ததா? இருந்தது என்றால்

தேடல் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். திருப்பத்திற்குள் நுழைந்த பிறகு, ஹேண்டில்பார் திரும்பிய நிலையில் முன்பிரேக்கைப் பிடித்ததே காரணம். தார்ச்சாலையில் இதே பழக்கம் எந்தத் தொல்லையும் கொடுக்காததால், ஓட்டுபவருக்குத் தன் விரல் லீவரை இழுத்ததே தெரியாது. குறிப்பாக வாசலுக்குள் நுழையும்போதும், வண்டி நிறுத்துமிடத்தில் கடைசி இரண்டு மூன்று மீட்டரில் வண்டியை வளைத்து நிறுத்தும்போதும் இது நடக்கிறது.

திருத்தம் இதுதான்: வண்டி நிமிர்ந்து, ஹேண்டில்பார் நேராக இருக்கும்போதே வேகத்தை முழுவதும் குறைத்துவிட்டு, முன்பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்து, ஹேண்டில்பார் பிடியைச் சுற்றி மூடிக்கொண்ட பிறகுதான் திரும்பத் தொடங்க வேண்டும். திருப்பத்தின் நடுவே இன்னும் குறைக்க வேண்டியிருந்தால் பின்பிரேக்கை மட்டும் மெல்ல அழுத்தலாம். விரலை எடுத்து வைப்பது சிறு பிள்ளைப் பயிற்சி போலத் தோன்றினாலும், அச்சத்தில் கை தானாக இறுகும்போது இழுப்பதற்கு லீவர் விரலுக்குள் இருக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

இதற்கு அடுத்தபடியாக லீவரின் தூரத்தைப் பாருங்கள். பிரேக் லீவர் விரலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் நான்கு விரல்களாலும் எட்டிப் பிடித்து ஒரே வீச்சில் இழுக்க நேரும். பல வண்டிகளில் லீவர் தூரத்தை மாற்றும் சிறு திருகு உண்டு, செலவில்லை. அதன் பிறகும் மெல்ல இழுக்கும்போதே பிரேக் வெடுக்கென்று பிடித்தால், பிரேக் பேடில் எண்ணெய்ப் பசை, ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) சீல் கசிவு, டிஸ்க் கோணல் ஆகியவற்றில் ஒன்று இருக்கலாம். ஃபோர்க் குழாயில் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். எண்ணெய் ஒட்டினால் மெக்கானிக்கிடம் போக வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

### முன்பிரேக்கைத் தொடவே இல்லை என்றால்

முதலில் உங்கள் வண்டியில் இணைந்த பிரேக் அமைப்பு இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். பல ஸ்கூட்டர்களில் இடக்கை லீவரும், சில சிறிய பைக்குகளில் கால் பிரேக்கும், பின்சக்கரத்தோடு சேர்த்து முன்சக்கரத்தையும் பிடிக்கும். "பின்பிரேக் மட்டும்தான் பிடித்தேன்" என்று இவர்கள் சொல்வது பொய்யல்ல. முன்சக்கரம் அவர்களைக் கேட்காமலே பிடித்துக்கொள்கிறது. இத்தகைய வண்டியில் திருப்பத்திற்குள் எந்தப் பிரேக்கும் இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு. முன்பக்கம் வழக்கத்தைவிட முந்திப் பிடிப்பதாகத் தோன்றினால், இணைப்பு கேபிள் கையேட்டில் சொன்ன அளவில் சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்று சர்வீஸில் பார்க்கச் சொல்ல வேண்டும். கேபிளை நீங்களே தளர்த்திவிடாதீர்கள்.

### எந்தப் பிரேக்கும் பிடிக்கவில்லை என்றால்

அந்த இடத்தின் பரப்பைப் பாருங்கள். வாகனங்கள் ஓடி ஓடிக் கல் விலகிய இரண்டு சுவடுகளுக்கு நடுவிலும், சாலை ஓரத்திலும் சரளை வரப்புபோல் குவிந்திருக்கும். சுவட்டிலிருந்து சுவடு மாறும்போது அந்த வரப்பைச் சாய்கோணத்தில் தடவிக்கொண்டே ஏறினால் முன்சக்கரம் அதன் வழியே இழுபடும். ஹேண்டில்பாரைக் கூடியவரை நேராக வைத்து, வரப்பை அகன்ற கோணத்தில் வெட்டிக் கடக்க வேண்டும். தார்ச்சாலையிலிருந்து சரளைக்கு இறங்கும் படியிலும், சரளையிலிருந்து தார் விளிம்பில் ஏறும்போதும் இதே விதி பொருந்தும்.

பரப்பில் குறை இல்லையென்றால் டயரின் காற்று. டயர் சூடேறும் முன், சொந்தக் காற்றளவியால் அளந்து பாருங்கள். காற்றடிக்கும் இடங்களின் கருவிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், குறிப்பிட்ட அளவைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகவே பலர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடினமான டயர் சரளையின் மேல் உருள்கிறதே தவிர அதில் பதிவதில்லை. முதலில் கையேட்டின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். நெடுந்தூரம் சரளையில் மெதுவாகவே போக வேண்டியிருந்தால் அதிலிருந்து 3 அல்லது 4 பிஎஸ்ஐ குறைக்கலாம். தார்ச்சாலை ஏறியதும் மீண்டும் நிரப்பிவிட வேண்டும். அதற்கு மேல் குறைப்பதை நான் ஏற்பதில்லை. டியூப் உள்ள சக்கரத்தில் காற்று மிகக் குறைந்தால் டயர் ரிம்மின் மேல் நழுவி வால்வைப் பிய்த்துவிடும்; அலாய் ரிம் கல்லில் மோதி நெளியும்.

அடுத்தது டயரின் நிலை. மேற்பரப்பின் ரப்பர் கட்டிகளான பட்டன்களுக்கு இடையே உள்ள தேய்மானக் குறி மேற்பரப்போடு சமமாகிவிட்டதா, ஓரங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பழைய டயர் பட்டன் மிச்சம் இருந்தாலும் இறுகிப் போயிருக்கும்.

கடைசியாகக் கோன்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் தண்டிலுள்ள பேரிங். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி ஒருவர் பின்பக்கம் அழுத்திக்கொள்ள, ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெல்ல இடமிருந்து வலம் நகர்த்துங்கள். நேர்நிலையில் பள்ளத்தில் விழுவதுபோல் ஓரிடத்தில் நின்று நின்று நகர்ந்தால் கோன்செட் தேய்ந்துவிட்டது. ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டக்' என்ற அசைவு வந்தால் அது தளர்ந்திருக்கிறது. தளர்வை இறுக்கிச் சரிசெய்யலாம். பள்ளம் விழுந்ததை மாற்றத்தான் வேண்டும். இரண்டுமே பட்டறை வேலை.

## அறிகுறி 2: நேராகப் போகும்போதே ஹேண்டில்பார் இடமும் வலமும் அலைகிறது

ஆழமான சரளையில் முன்சக்கரம் சற்று அலைவது கோளாறே அல்ல. அந்த அலைச்சலை நிறுத்த முயல்வதுதான் வண்டியை விழச்செய்கிறது. ஹேண்டில்பாரை இறுகப் பிடித்து, முழங்கையை விறைத்து, சக்கரத்திற்கு முன்னால் ஒரு மீட்டரில் பார்வையை நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டுவிட்டால், ஒவ்வொரு அலைவும் அடுத்ததைப் பெரிதாக்கும்.

சோதனை எளிது. ஆபத்தில்லாத சமதளச் சரளையில், இரண்டாவது கியரில், மணிக்கு 15 முதல் 20 கி.மீ. வேகத்தில், முழங்கால்களால் டேங்கை அணைத்துக்கொண்டு, விரல்களைத் தளர்த்தி, 20 மீட்டருக்கு அப்பால் பார்த்தபடி ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்து ஓட்டிப் பாருங்கள். ஃபுட்ரெஸ்ட் மீது எழுந்து நிற்கத் தெரிந்தவர்கள் நின்றே ஓட்டலாம். அலைச்சல் குறைந்தால் கோளாறு பிடியில் இருந்தது. மிக மெதுவாகப் போவது பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே எதிராக வேலை செய்கிறது. நடை வேகத்தில் ஆழமான சரளையைக் கடப்பதைவிட, சற்றுக் கூடுதலான சீரான வேகத்தில் கடப்பது எளிது.

அலைச்சல் குறையவில்லை என்றால் சுமையைப் பாருங்கள். பின்பக்கப் பெட்டி, பின்னால் அமர்ந்தவர், கேரியர் மூட்டை ஆகியவை முன்சக்கரத்தின் எடையைக் குறைத்துவிடும். கனமானதை இருக்கைக்கு நெருக்கமாகவும் தாழ்வாகவும் மாற்றிக் கட்டுங்கள். பின்னால் அமர்ந்தவரை அந்தப் பகுதியில் இறக்கி நடக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதன் பிறகு காற்றளவு. அதன் பிறகு முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிச் சக்கர பேரிங் தளர்வு. ஸ்போக்ஸ் சக்கரமானால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டி ஓசை கேட்டல். மற்றவை கணீரென்று ஒலிக்க, ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்த கம்பி. பல கம்பிகள் தளர்ந்திருந்தால் தனித்தனியாகத் திருகாமல், சக்கரத்தைக் கழற்றிக் கோணல் எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும். சரளை முடிந்து தார்ச்சாலை வந்த பிறகும் ஹேண்டில்பார் நடுங்கினால் பழக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்றே பட்டறைக்குப் போங்கள்.

## அறிகுறி 3: வேகத்தைக் குறைக்கும்போது பின்பக்கம் ஒரு பக்கமாக விலகுகிறது

### கால் பிரேக்கை அழுத்தியபோது என்றால்

முதற்காரணம் பெடலின் உயரம். காலணியின் அடிப்பகுதி தடித்திருந்து பெடல் உயரமாக இருந்தால், பாதத்தைத் தூக்கி வைத்து அழுத்த வேண்டியிருக்கும். அப்போது மென்மையாக அழுத்துவது இயலாது. நீங்கள் வழக்கமாக அணியும் காலணியோடு ஃபுட்ரெஸ்ட்டில் பாதம் வைத்தால், கணுக்காலை மட்டும் சற்றே மடக்கிப் பெடலைத் தொட முடிய வேண்டும். டிரம் பிரேக் வண்டிகளில் பெடலின் தளர்வு மிகக் குறைவாக இருந்தால் டிரம்முக்குள் உள்ள பிரேக் ஷூ எப்போதும் உரசிக்கொண்டே இருந்து, சிறு அழுத்தத்திலேயே சக்கரத்தை லாக் செய்துவிடும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள்.

பெடல் சரியாக இருந்தால், எந்த அழுத்தத்தில் லாக் ஆகிறது என்பதைப் பாதம் கற்றுக்கொள்ள வேண்டும். நேரான, வெறிச்சோடிய சரளையில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில், ஹேண்டில்பார் நேராக இருக்க, பின்பிரேக்கை மெல்ல மெல்லக் கூட்டி, சக்கரம் நின்று இழுபடும் ஓசை கேட்டதும் விட்டுவிடுங்கள். தலைக்கவசம், கையுறை, கணுக்காலை மூடும் காலணி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். நேராக லாக் ஆன பின்சக்கரம் விழவைப்பது அரிது. திருப்பத்தில் லாக் ஆனதும், பதறிப்போய் முன்பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பதுமே விழவைக்கின்றன.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் அமைப்பு) இருக்கிறதே என்ற கேள்வி கட்டாயம் வரும். ஒற்றைச் சேனல் ஏபிஎஸ் முன்சக்கரத்தை மட்டுமே காக்கும்; பின்சக்கரம் லாக் ஆகத்தான் செய்யும். இரட்டைச் சேனல் இருந்தாலும், நடை வேகத்திற்கு இறங்கியதும் பல வண்டிகளில் அது வேலை செய்யாது. சரளையில் ஏபிஎஸ் வேலை செய்யும்போது வண்டி நிற்கும் தூரம் கூடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். லீவர் துடிப்பதைப் பிரேக் பழுதென்று எண்ணி விட்டுவிடாதீர்கள். சில வண்டிகளில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி உண்டு. பின்சக்கரத்தைக் கட்டுப்படுத்தப் பழகாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

### கியரைக் குறைத்தபோது என்றால்

ஒரே நேரத்தில் இரண்டு கியர் குறைத்துக் கிளட்சை வெடுக்கென்று விட்டால், பிரேக் பிடிக்காமலே பின்சக்கரம் இழுபடும். ஒவ்வொரு கியராகக் குறைத்து, கிளட்சை நிதானமாக விட வேண்டும். பழக்கம் சரியாக இருந்தும் ஒரு 'தடக்' என்ற இழுப்பு வந்தால் செயினின் தொய்வைப் பாருங்கள். பல சாலை வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. மேல்கீழ் அசைவு இயல்பு. துல்லியமான அளவு கையேட்டிலோ செயின் கவர் அருகே ஒட்டிய தாளிலோ இருக்கும். செயினை இறுக்கியும் ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் இருந்தால் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து மாற்ற வேண்டியவை.

### இறக்கத்தில் என்றால்

முதல் கியரில், கிளட்சை முழுவதும் விட்டு, எஞ்சின் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும்படி இறங்குங்கள். கிளட்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவதே இங்கு மிகப் பெரும் காரணம். கியரில்லா ஸ்கூட்டரில் இன்னொரு சிக்கல் உண்டு: வேகம் ஓரளவுக்குக் கீழே போனதும் உள்ளிருக்கும் கிளட்ச் விடுபட்டு, எஞ்சினின் பிடி இல்லாமல் வண்டி உருளத் தொடங்கும். பின்பிரேக்கை இலேசாகப் பிடித்தபடியே ஆக்சிலரேட்டரைச் சற்றே திறந்து வைத்தால் அந்த விடுபடுதல் தள்ளிப்போகும். நீண்ட இறக்கத்தில் இதையே தொடர்ந்து செய்தால் பிரேக் சூடேறிவிடும். இடையிடையே நின்று இறங்குங்கள்.

## அறிகுறி 4: திரும்பும் நடுவில் எஞ்சின் நின்று, உள்பக்கம் சாய்கிறது

இதைச் சரளையின் குற்றமாகவே பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் தார்ச்சாலையில் கால் ஊன்றித் தப்பித்துக்கொண்டிருந்த கோளாறு சரளையில் வெளிப்பட்டுவிடுகிறது.

முதலில் கியரைப் பாருங்கள்: முழுத் திருப்பத்தை இரண்டாவது கியரில் முயன்றீர்களா? முதல் கியரில், ஹாஃப் கிளட்ச் என்று சொல்லும் நிலையில், எஞ்சின் ஓசை சீராக இருக்க, பின்பிரேக்கை இலேசாக உரசவிட்டுத் திரும்பினால் எஞ்சின் நிற்காது. பார்வை திருப்பத்தின் முடிவில் இருக்க வேண்டும். வண்டியை மட்டும் உள்பக்கம் சாயவிட்டு, உடலை நிமிர்த்தி, வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டில் எடையை வையுங்கள்.

இதன் பிறகும் நின்றால் மூன்று சரிபார்ப்புகள். கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு இருப்பது கேபிள் வண்டிகளில் இயல்பு. அதற்கு மேல் இருந்தால் கிளட்ச் முழுவதும் விடுபடாமல் எஞ்சினை அமுக்கும். ஆக்சிலரேட்டர் பிடியைச் சுழற்றும்போது சில மி.மீ.க்கு மேல் வெற்று அசைவு இருந்தால், தேவைப்படும் நொடியில் எஞ்சினுக்குச் செய்தி தாமதமாகப் போகும். எஞ்சின் சூடான பிறகு ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் சுழலும் வேகம்) கையேட்டில் சொன்ன அளவில் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியில் திருகாணியால் திருத்தலாம். எஃப்.ஐ. (மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியில் ஐடிலிங் தானாகவே இறங்கிச் சாகிறதென்றால் த்ராட்டில் பாடி சுத்தம், ஸ்பார்க் பிளக், சென்சார் என்று போகும். அங்கே கைவைக்காமல் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குச் செல்லுங்கள்.

ஹேண்டில்பாரை முழுவதும் ஒடிக்கும்போது மட்டும் எஞ்சின் நிற்கிறதா? வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இருபுறமும் கடைசி வரை திருப்புங்கள். ஓசை மாறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. அணைந்தால் ஹேண்டில்பார் அருகே ஒயர் ஒன்று உள்ளே அறுந்திருக்கிறது. எளிய சோதனைதான், ஆனால் பட்டறைகளில்கூட இதைச் செய்யத் தவறுகிறார்கள்.

## அறிகுறி 5: நின்ற பிறகு, கால் ஊன்றும்போது சாய்கிறது

கடைசி அடியில் ஹேண்டில்பார் திரும்பியிருந்ததா என்பதே முதற்கேள்வி. திரும்பிய நிலையில் நின்றால் வண்டியின் எடை முழுவதும் ஒரு காலின் மேல் இறங்கும். அந்தக் கால் உருளும் கற்களின் மேல் இருக்கும். கடைசி இரண்டு மீட்டரை நேராக உருட்டி, பின்பிரேக்கால் மட்டும் நிறுத்துங்கள். ஸ்கூட்டரில் இது இடக்கை லீவர். இணைந்த பிரேக்கானாலும் ஹேண்டில்பார் நேராக இருந்தால் தொல்லை இல்லை.

அடுத்தது ஊன்றும் விதம். பாதத்தை வெளிப்பக்கம் வீசி வைக்காமல், வண்டிக்கு அருகில், குதிகாலும் விரல்களும் ஒன்றாகத் தரையில் படும்படி செங்குத்தாக இறக்க வேண்டும். நிற்கும் இடத்தை நிற்பதற்கு முன்பே தேர்ந்தெடுங்கள்: சக்கரச் சுவட்டில் கல் குறைவு, ஓரத்தில் மிகுதி, சாய்வான இடத்தில் மேட்டுப் பக்கக் கால்தான் ஊன்ற வேண்டிய கால். தேய்ந்து வழவழப்பான அடிப்பகுதி உள்ள காலணியை மாற்றுவது குறைந்த செலவுத் திருத்தம்.

இருக்கை உயரம் கடைசியில்தான் வருகிறது. ஒரு காலின் முன்பாதம் முழுவதும் தரையில் அழுந்தினால் போதும். இரு குதிகாலும் பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதுவும் எட்டவில்லை என்றால், முதலில் பின் ஷாக்கின் அழுத்தத் திருகைக் குறைத்துப் பாருங்கள், பிறகு இருக்கைப் பஞ்சைக் குறைக்கச் சொல்லுங்கள். பின் சஸ்பென்ஷனின் இணைப்புத் துண்டான லிங்க்கை மாற்றி வண்டியையே தாழ்த்துவது ஹேண்டிலிங்கையும் சைடு ஸ்டாண்டு கோணத்தையும் சேர்த்து மாற்றிவிடும் என்பதால், அதை நான் எவருக்கும் முதலில் சொல்வதில்லை.

## அறிகுறி 6: ஏற்றத்தில் கிளம்பும்போது பின்சக்கரம் சுழன்று பக்கவாட்டில் போகிறது

சுழலத் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரைக் கூட்டாதீர்கள். சக்கரம் குழி பறிக்கும். கிளட்சைப் பிடித்து, பின்பிரேக்கால் நிறுத்தி, ஓர் அடி பின்னால் உருட்டி, கல் இறுகிய இடத்தில் மீண்டும் தொடங்குங்கள். உடலைச் சற்றுப் பின்னால் நகர்த்தி, எஞ்சின் ஓசையைத் தாழ்வாக வைத்து, கிளட்சை மட்டும் கொண்டு நகர்த்த வேண்டும். இரண்டாவது கியரில் கிளம்புவது சிறு எஞ்சின்களில் கிளட்சை எரிக்கும். பெரிய எஞ்சின்களில் உதவும். இதன் பிறகும் சுழன்றால் பின்டயரின் பட்டன் தேய்ந்திருக்கும். நாள்தோறும் சரளையில் ஏறுபவர் பட்டன் பெருத்த டயருக்கு மாறுவதில் நியாயம் இருக்கிறது.

## அறிகுறி 7: நிறுத்தி வைத்த வண்டி தானாகச் சாய்கிறது

சைடு ஸ்டாண்டு சரளைக்குள் இறங்கிவிடுகிறது. தட்டையான கல்லையோ பலகைத் துண்டையோ அடியில் வையுங்கள், முதல் கியரில் போட்டு மேட்டை நோக்கி நிறுத்துங்கள். ஸ்டாண்டின் திருகு தளர்ந்து முன்பின் ஆடினால் இறுக்குங்கள், வளைந்திருந்தால் மாற்றுங்கள்.

## விழுந்துவிட்டது: மீண்டும் கிளப்பும் முன்

எஞ்சினைக் கில் சுவிட்சால் அணைத்து, சாவியையும் திருப்பிவிடுங்கள். பெட்ரோல் குழாய்க்குத் திருகு இருந்தால் மூடுங்கள். வண்டியைத் தூக்கும் முன் உங்களைப் பாருங்கள்.

தலை மோதியிருந்து, தலைசுற்றல், வாந்தி, குழப்பம், சிறிது நேர நினைவிழப்பு ஏதேனும் இருந்தால் ஓட்ட வேண்டாம், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மோதிய தலைக்கவசத்தை மாற்றிவிடுங்கள். கையை ஊன்றி விழுந்தபின் கட்டை விரலின் அடியில், மணிக்கட்டுப் பள்ளத்தில் அழுத்தினால் வலித்தால், வீக்கம் இல்லாவிட்டாலும் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். அங்குள்ள சிறிய எலும்பின் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல், 10 முதல் 14 நாள் கழித்து எடுக்கும் படத்தில் தெரிவதுண்டு. கல்லும் மண்ணும் ஏறிய சிராய்ப்பை ஓடும் நீரில் நன்கு கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

தூக்கும்போது, பாதம் வைக்கும் இடத்திலும் சக்கரங்கள் தரையைத் தொடும் இடத்திலும் கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள். சரளையில் பலர் இடுப்பைப் பிடித்துக்கொள்வது வண்டி விழும்போதல்ல, தூக்கும்போதுதான். வண்டி உருளாதபடி கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே விரித்து வையுங்கள். ஹேண்டில்பாரைத் தரைப்பக்கம் முழுவதும் திருப்பி, இருக்கைக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரின் தாழ்ந்த முனையையும் மறு கையால் பின் கைப்பிடியையும் பற்றி, முதுகை வளைக்காமல், சிறு சிறு அடிகளாகப் பின்னோக்கி நடந்து நிமிர்த்த வேண்டும். 200 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியானால் உதவிக்கு ஆள் வரும்வரை காத்திருங்கள்.

நிமிர்ந்த பின் உடனே ஸ்டார்ட் செய்யாமல் சில நிமிடங்கள் விடுங்கள். எண்ணெய் தன் இடத்திற்கு இறங்கட்டும். பெட்ரோல் வாடை போக வேண்டும். எஃப்.ஐ. வண்டி கிளம்ப மறுத்தால் சாவியை அணைத்து மீண்டும் போடுங்கள். சாய்வு சென்சார் எஞ்சினை நிறுத்தி வைத்திருக்கும். பிரேக், கிளட்ச், கியர், பெடல் ஆகியவை முழுத் தூரம் நகர்கின்றனவா, ஆக்சிலரேட்டர் விட்டதும் தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். மூடும்போது தயங்கும் ஆக்சிலரேட்டரோடு ஒரு மீட்டர்கூட ஓட்டக் கூடாது. வளைந்த லீவரை அங்கேயே நிமிர்த்த முயன்றால் ஒடியும். பிடிக்க முடிகிறதென்றால் அப்படியே வீடுவரை ஓட்டலாம். லீவர் தாங்கியின் திருகை, கை வேகமாகத் தட்டினால் சற்றே சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்கி வைப்பவர்களுக்கு லீவர் ஒடிவது குறைவு.

முன்சக்கரம் நேராக இருக்கும்போது ஹேண்டில்பார் கோணலாகத் தெரிந்தால், ஃபோர்க் அதன் பிடிப்பானுக்குள் திருகியிருக்கக்கூடும். சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் பிடித்து ஹேண்டில்பாரைத் திருப்பியும் நேராகவில்லை என்றால், அல்லது ஃபோர்க் குழாயே வளைந்திருந்தால், பிரேக் எண்ணெய் கசிந்தால், எஞ்சின் கவரில் வெடிப்பு விழுந்து எண்ணெய் சொட்டினால், வண்டியை ஓட்டாமல் ஏற்றிச் செல்ல வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் நடை வேகத்தில் 50 மீட்டர் போய், இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். சற்று வேகம் எடுத்த பிறகும் ஏபிஎஸ் விளக்கு அணையாவிட்டால், சக்கர சென்சாருக்கும் அதன் வளையத்திற்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல் இல்லாமலும் எரிந்தால் ஏபிஎஸ் இல்லாத வண்டியாக எண்ணி நிதானமாக ஓட்டிப் பட்டறை சேருங்கள்.

வண்டியில் எல்லாச் சரிபார்ப்பும் தேறி, அதே அறிகுறி மூன்றாம் முறையும் வந்தால் மெக்கானிக்கிடம் திரும்பத் திரும்பப் போவதை நிறுத்திவிட்டு, மண் சாலையில் பயிற்சி தரும் பயிற்றுநரைத் தேடுங்கள். அவரிடம் போகும்போது உங்கள் சொந்த வண்டியையே கொண்டுபோங்கள்; அவருடைய இலேசான வண்டியில் சரியாகும் பழக்கம் உங்களுடையதில் மறுபடியும் தலைகாட்டும்.